உப்பும் சர்க்கரையும் காத்த உயிர்கள்

(ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் மகளிர் குழுவினருக்கும் அங்கன்வாடிப் பணியாளருக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)



விஞ்ஞானம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலருக்கும் விண்ணில் பாயும் ராக்கெட்டும், 2023ஆம் ஆண்டில் சந்திரனின் தென்துருவப் பகுதியில் இறங்கிய நம் நாட்டு விண்கலமும், உள்ளங்கையில் உலகைக் காட்டும் கைபேசியுமே நினைவிற்கு வருகின்றன. அவை பெருமைக்குரியவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், விஞ்ஞானத்தின் மேன்மையை அளக்க இன்னோர் அளவுகோலும் உண்டு. நள்ளிரவில், வைத்தியர் இல்லாத ஊரில், கையில் பணமும் இல்லாத ஒரு தாய்க்கு அது என்ன செய்தது என்பதே அந்த அளவுகோல். அந்த அளவுகோலால் அளந்தால் முதல் வரிசையில் வைக்கத் தக்க ஒரு கண்டுபிடிப்பைப் பற்றியே இன்று பேச வந்துள்ளோம். அதன் எடை 20.5 கிராம். அதில் அடங்கியவற்றுள் முக்கியமானவை உப்பும் சர்க்கரையும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் என்று நீங்கள் யாவரும் அறிந்ததுதான் அது.

"இது தெரியாதா? அங்கன்வாடியிலேயே கொடுக்கிறார்களே!" என்று உங்களில் சிலர் எண்ணலாம். தெரிந்த பொருள்தான். ஆனால், பொருள் தெரிந்திருப்பது வேறு. அதன் காரணம் தெரிந்திருப்பது வேறு. காரணம் தெரியாத இடத்தில் பொட்டலம் அலமாரியிலேயே கிடக்கும். அவ்வாறு கிடந்ததை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம்.

ஓட்டைப் பானையா?

சென்ற ஆண்டு கோடையில் நம் ஒன்றியத்தைச் சேர்ந்த ஒரு சிற்றூருக்குக் குடிநீர்த் தொட்டியைப் பார்வையிடச் சென்றிருந்தோம். தொட்டிக்கு எதிரிலிருந்த வீட்டுத் திண்ணையில், ஒன்றரை வயதுக் குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு ஒரு பாட்டி அமர்ந்திருந்தார். குழந்தைக்கு முந்தின இரவு முதல் வயிற்றுப்போக்கு. கண்கள் குழிவிழுந்து, உதடு காய்ந்து, அழுதால் கண்ணீர் வராத நிலையில் அது இருந்தது. உடன் வந்திருந்த கிராம சுகாதாரச் செவிலியர், "பாட்டி, பொட்டலம் கொடுத்திருந்தேனே, கலக்கிக் கொடுத்தீர்களா?" என்று கேட்டார். பாட்டி நிமிர்ந்து பார்த்து, "ஓட்டைப் பானையிலே தண்ணி ஊத்தினா நிக்குமா, தாயி? ஊத்த ஊத்தப் போகுது. அதான் வயித்தைக் காயப் போட்டிருக்கேன்" என்றார்.

அன்பர்களே, இந்த விடையைக் கேட்டு நகைப்பது எளிது. ஆனால் அது அறியாமையால் மட்டும் பிறந்த விடையன்று. கண்ணால் கண்டதை வைத்து முறையாகச் சிந்தித்த ஒருவர் கூறிய விடை. குடித்தால் போகிறது, ஆகவே குடிக்கக் கொடுக்காதே. இதில் என்ன பிழை? படித்த வைத்தியர்களே சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் "குடலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும்" என்று கூறி, பேதி கண்ட குழந்தைகளுக்கு உணவை நிறுத்தி வைத்ததுண்டு. பாட்டியின் பிழை, பானையைப் பற்றிய பிழை. குடல் ஓட்டைப் பானை அன்று. அதனைக் கண்டறிய உலகத்து விஞ்ஞானிகளுக்கே ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

உயிரைப் பறிப்பது எது?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். வயிற்றுப்போக்கில் பெரும்பாலும் குழந்தையின் உயிரைப் பறிப்பது கிருமி நேராகச் செய்யும் தீங்கன்று. உடலிலிருந்து வெளியேறிவிடும் நீரும் உப்பும்தான். குழந்தையின் உடல் எடையில் பெரும் பங்கு நீரே. அந்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு நீர் வெளியேறிவிட்டால் உயிருக்கே ஆபத்து. பத்து கிலோ எடையுள்ள குழந்தையை எண்ணிப் பாருங்கள். அதற்கு ஆபத்து விளைவிக்க ஒரு லிட்டர் இழப்பே போதும். அஃதாவது, ஒரு செம்புத் தண்ணீர். கடும் பேதியில் அந்த இழப்பு ஒரே நாளுக்குள் நேர்ந்துவிடக் கூடும்.

இந்த உண்மையின் ஒரு பாதி 1831ஆம் ஆண்டிலேயே தெரிந்துவிட்டது. அப்போது பிரிட்டனில் காலரா பரவியிருந்தது. ஓஷானசி என்ற இளம் வைத்தியர் நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்து, அதில் நீரும் உப்பும் பெரிதும் குறைந்திருப்பதைக் கண்டார். மறு ஆண்டில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த தாமஸ் லாட்டா, உப்புநீரை நோயாளியின் இரத்தக் குழாயிலேயே செலுத்திப் பார்த்தார். சாவின் விளிம்பில் கிடந்த சிலர் எழுந்து உட்கார்ந்தனர். இன்று மருத்துவமனைகளில் நாம் காணும் "டிரிப்ஸ்" ஏற்றும் முறைக்கு அதுவே தொடக்கம்.

அந்த முறை நல்ல முறை. ஆனால் அதற்குத் தூய்மைப்படுத்திய நீர் வேண்டும், ஊசி வேண்டும், குழாய் வேண்டும், ஏற்றத் தெரிந்த கை வேண்டும். இவை யாவும் இருக்கும் இடத்தில் உயிர் பிழைக்கும். இல்லாத இடத்தில் பிழைக்காது. காலராவும் பேதியும் மிகுதியாகத் தாக்குவதோ இவை ஒன்றும் இல்லாத இடங்களையே. ஆகவே, மருந்து கண்ட பின்னரும் ஏழையின் குழந்தை இறந்துகொண்டேயிருந்தது.

வாயால் குடிக்கக் கொடுத்தால் என்ன? வெறும் தண்ணீரைக் கொடுத்துப் பார்த்தனர், போதவில்லை. உப்புநீரைக் கொடுத்துப் பார்த்தனர். அதுவும் உடலில் சேரவில்லை. பாட்டியின் பானை உண்மை என்றே அக்காலத்து வைத்தியர்களுக்கும் தோன்றியது.

குடலின் சுவரில் ஒரு வாசல்

1960ஆம் ஆண்டில் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க உயிர்வேதியியல் அறிஞர், ஐரோப்பாவில் நடந்த விஞ்ஞானிகள் கூட்டமொன்றில் புதிய கருத்து ஒன்றை விளக்கினார். குடலின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத வாசல்கள் பல உள்ளன. அவற்றுள் ஒரு வகை வாசலுக்குள் உப்பு தனியே வந்தாலும் நுழைய இயலாது. சர்க்கரை தனியே வந்தாலும் நுழைய இயலாது. இரண்டும் கைகோத்து வந்தால்தான் அவ்வாசல் திறக்கும். சர்க்கரை என்று நாம் இங்கே சொல்வது குளுக்கோஸ் என்னும் எளிய சர்க்கரை. உப்பு என்பது அதிலுள்ள சோடியம். இவ்விரண்டும் உள்ளே சென்றுவிட்டால், தண்ணீர் அவற்றின் பின்னாலேயே சென்றுவிடும். அழைக்க வேண்டியதில்லை.

அதற்கு முந்தின ஆண்டில், 1959இல், நம் நாட்டைச் சேர்ந்த சம்பு நாத் தே என்ற அறிஞர் கல்கத்தாவில் இன்னோர் உண்மையைக் கண்டறிந்திருந்தார். காலராக் கிருமி குடலை அரித்துத் துளையிடுவதில்லை. அது ஒரு நச்சுப் பொருளைச் சுரக்கிறது. அந்த நஞ்சே குடலிலிருந்து நீரை வெளியே கொட்டச் செய்கிறது என்று அவர் காட்டினார். அப்படியாயின், நீர் வெளியேறுவதற்குக் காரணம் குடலில் விழுந்த ஓட்டை அன்று. மேலும், கிரேன் சுட்டிய வாசலை அந்த நஞ்சு கெடுப்பதுமில்லை. கடும் பேதியிலும் உப்பும் சர்க்கரையும் சேர்ந்து நுழையும் வாசல் திறந்தே இருக்கிறது.

உழவர் குடும்பத்தினருக்கு இதனை ஓர் உவமையால் விளக்கலாம். குடலை ஓட்டைப் பானை என்று எண்ணாதீர்கள். ஏரி என்று எண்ணுங்கள். ஏரியின் மதகு பழுதாகி நீர் வெளியேறுகிறது. மதகைச் செப்பனிட மூன்று நான்கு நாட்கள் ஆகும். அதுவரையில் என்ன செய்ய வேண்டும்? வரத்துக் காலையும் அடைத்துவிட்டு ஏரி வற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதா? வரத்துக் கால் பழுதாகவில்லையே! அதனைத் திறந்துவிட்டால், வெளியேறும் அளவுக்கு நீர் வந்துகொண்டேயிருக்கும்; ஏரி வற்றாது. மதகை உடல் தானே செப்பனிட்டுக்கொள்ளும். வரத்துக் காலைத் திறக்கும் திறவுகோல்தான் உப்பும் சர்க்கரையும்.

ஆகவே ஒன்றை நன்கு நினைவில் வைக்க வேண்டுகிறோம். இக்கரைசல் பேதியை உடனே நிறுத்தாது. "இரண்டு தடவை கொடுத்தேன், நிற்கவில்லை, விட்டுவிட்டேன்" என்று பல தாய்மார்கள் கூறுகின்றனர். நிறுத்துவது அதன் வேலையன்று. பேதி தானாக நிற்கும் வரையில் குழந்தையை உயிரோடு வைத்திருப்பதே அதன் வேலை.

கல்கத்தா முதல் வனகாவ் வரை

இக்கரைசலின் வரலாற்றில் பெரும் பகுதி நம் மண்ணிலும் அண்டை மண்ணிலுமே நிகழ்ந்தது. 1953ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவைச் சேர்ந்த ஹேமேந்திர நாத் சாட்டர்ஜி என்ற வைத்தியர், கடுமை குறைந்த காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாயால் கொடுத்துப் பயன் கண்டதாக எழுதினார். காரணம் இன்னதென்று விளங்காத அக்காலத்தில் உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. பின்னர், 1968இல், அப்போது கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த நாட்டின் டாக்கா நகரில் டேவிட் நாலின், ரிச்சர்டு கேஷ் என்ற இரு இளம் அமெரிக்க வைத்தியர்கள் முறையாகச் சோதித்து, வாய்வழிக் கரைசலால் இரத்தக் குழாய்வழி ஏற்றும் நீரின் தேவை ஐந்தில் நான்கு பங்கு குறைவதை நிறுவினர். ஆயினும், "மருத்துவமனையில், தேர்ந்த செவிலியர் மேற்பார்வையில் இது நடக்கலாம், படிப்பறிவில்லாத மக்கள் கையில் கொடுக்கலாமா?" என்ற ஐயம் நீங்கவில்லை.

அந்த ஐயத்தை நீக்கியது ஒரு பேரிடர். 1971ஆம் ஆண்டில் வங்கதேச விடுதலைப் போரின்போது சுமார் ஒரு கோடி மக்கள் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தனர். மேற்கு வங்கத்தின் எல்லை ஊரான வனகாவில் காலரா மூண்டது. மருத்துவமனைத் தரையில் கால் வைக்க இடமின்றி நோயாளிகள் கிடந்தனர். ஏற்றுவதற்குரிய நீர் தீர்ந்துகொண்டிருந்தது. அங்கே 100க்கு 30 பேர் வரை மாண்டனர்.

கல்கத்தாவிலிருந்து வந்திருந்த குழந்தை மருத்துவர் திலீப் மகலனாபிஸ் அப்போது ஒரு துணிவான முடிவு எடுத்தார். லிட்டர் ஒன்றுக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்ற அளவில் பொட்டலம் கட்டச் செய்து, பெரிய கலன்களில் கரைத்து வைத்தார். செவிலியர் போதாமையால், நோயாளியின் தாயும் தமக்கையும் கணவனுமே குவளையில் வாங்கி வந்து புகட்டினர். எழுத்தறியாத மக்கள், உற்றாரை இழந்து வந்த மக்கள். சில வாரங்களில் அவ்வாறு 3,000க்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற்றனர். மாண்டவர் 100க்கு நால்வருக்கும் குறைவாயினர்.

சாதாரண மக்கள் கையில் இதனை ஒப்படைக்கலாமா என்ற வினாவிற்கு அந்த முகாமே விடை கூறிவிட்டது. 1978இல் இங்கிலாந்தின் புகழ்பெற்ற மருத்துவ இதழான லான்செட், அந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது அமையக்கூடும் என்று கருத்துரைத்தது. மகலனாபிஸ் 2022இல் மறைந்தார். அவர் மறைவுக்குப் பின், 2023இல், பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

நாம் கற்க வேண்டிய பாடம்

இங்கே கூடியிருப்போரில் பெரும்பாலோர் மக்களுக்கு நல்லதைக் கொண்டு சேர்க்கும் பணியில் உள்ளவர்கள். ஆகவே, இதன் பின் நடந்ததும் நமக்கு மிக முக்கியம். 1980 முதல் 1990 வரை வங்கதேசத்தில் பிராக் என்னும் தொண்டு நிறுவனம், பெண் பணியாளர்களை வீடு வீடாக அனுப்பிற்று. பொட்டலம் கிடைக்காத ஊர்களில், ஒரு கைப்பிடி வெல்லமும் மூன்று விரல் சிட்டிகை உப்பும் கொண்டு கரைசல் செய்யும் முறையைத் தாய்மார்களுக்கு அவர்கள் கற்பித்தனர். வாயால் சொல்லிவிட்டு வரவில்லை. ஒவ்வொரு தாயையும் தன் கையாலேயே கலக்கிக் காட்டச் செய்தனர். பத்தாண்டுகளில் 1.2 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளை எட்டினர்.

அதில் ஒரு நுட்பம் இருந்தது. அந்தப் பணியாளருக்கு எத்தனை வீடு சென்றார் என்பதைப் பார்த்து ஊதியம் கொடுக்கவில்லை. சில நாட்கள் கழித்து வேறொருவர் சென்று தாய்மார்களை விசாரிப்பார். கற்றது எத்தனை பேர் நினைவில் நின்றதோ அதற்கேற்பவே ஊதியம். இதைப் படித்தபோது நாம் சற்று நாணினோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. நம் அலுவலகத்துப் பதிவேடுகளில் "கூட்டம் நடத்தப்பட்டது, வந்தோர் 62 பேர், சிற்றுண்டி வழங்கப்பட்டது" என்று எழுதுகிறோம், கையொப்பமிடுகிறோம். வந்தோர் எதைக் கொண்டு சென்றனர் என்பதற்கு அப்பதிவேட்டில் ஒரு பத்தியும் இல்லை. அந்தப் பாட்டியின் வீட்டிற்கும் பொட்டலம் "வழங்கப்பட்டதாகவே" கணக்கில் இருந்தது.

அளவே மருந்து

இப்போது நம்மைப் பற்றியே ஒரு குறையைச் சொல்லிக்கொள்ள வேண்டும். நாம் தாவரவியலில் பட்டம் பெற்றோம். "சவ்வூடு பரவல்" என்ற தலைப்பில் தேர்வில் இரண்டு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் இல்லத்தில் நான்கு வயது மகளுக்குப் பேதி கண்டது. கடைக்கு விரைந்து, அட்டைப் பெட்டியில் அடைத்த இனிப்புப் பானம் ஒன்றை வாங்கி வந்தோம். ஓ.ஆர்.எஸ். என்ற மூன்றெழுத்து அதன் மேல் பெரிதாக அச்சிடப்பட்டிருந்தது. குழந்தை விரும்பிக் குடித்தாள். ஆனால் இரவுக்குள் பேதி அதிகமாயிற்று. மருத்துவரிடம் கொண்டு சென்றபோது அவர் அந்தப் பெட்டியைத் திருப்பி, "முன்பக்கத்தை மட்டும் படித்தீர்களா? பின்பக்கத்தையும் படியுங்கள்" என்றார். இருக்க வேண்டியதைப்போலப் பல மடங்கு சர்க்கரை அதில் இருந்தது.

இதன் காரணத்தை அறிய நம் பட்டம் தேவையில்லை. ஊறுகாய் போடத் தெரிந்தால் போதும். நறுக்கிய மாங்காயில் உப்பைத் தூவி வைத்தால் சற்று நேரத்தில் நீர் விட்டுக்கொள்கிறது அன்றோ? மாங்காயின் உள்ளிருந்த நீரை வெளியிலுள்ள உப்பு இழுக்கிறது. மிகுந்த சர்க்கரையும் அவ்வாறே இழுக்கும். குடலுக்குள் மிகுதியான இனிப்பு சென்றால், அது உடலிலுள்ள நீரைக் குடலுக்குள் இழுத்துவிடும், பேதி அதிகமாகும். அளவாக இருந்தால் நீரை உடலுக்குள் சேர்க்கும் அதே சர்க்கரை, அளவு கடந்தால் நீரை வெளியே இழுக்கிறது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் பெரியோர் கூறியதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. தேர்வில் எழுதிய பாடம் நம் அடுக்களைக்கு வந்து சேரவில்லை; பிழை நம்முடையதே.

விஞ்ஞானிகளும் இந்த அளவைத் திருத்திக்கொண்டே வந்துள்ளனர். பழைய பொட்டலத்திலிருந்த உப்பும் குளுக்கோசும் சற்று மிகுதி என்று கண்டு, உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப் நிறுவனமும் 2002ஆம் ஆண்டில் அளவைக் குறைத்தன. இப்போதைய பொட்டலத்தில் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், சிட்ரேட் உப்பு 2.9 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம் ஆக மொத்தம் 20.5 கிராம். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், இந்த அளவுக்கு ஒவ்வாத பானங்களின் பெயரில் அம்மூன்றெழுத்தைச் சேர்க்கலாகாது என்று ஆணையிட்டது. ஆயினும், கடையில் வாங்கும்போது பின்பக்கத்தைப் படிக்கும் பழக்கத்தை நாம் கைவிடலாகாது.

தாய்மார்கள் செய்ய வேண்டுவன

இனி, செய்முறையைச் சுருக்கமாகக் கூறுகிறோம். ஒரு பொட்டலத்திற்கு ஒரு லிட்டர் நீர்; காய்ச்சி ஆறவைத்த நீர் நன்று. பொட்டலம் முழுவதையும் ஒரே முறையில் கரைக்க வேண்டும். டம்ளர் நீரில் சிறிது தூவிக் கலக்குவது தவறு. அவ்வாறு செய்தால் அளவு கெடும். சர்க்கரை, பால், பழச்சாறு எதையும் அதனுடன் சேர்க்கலாகாது. கலந்த நீரை மூடி வைத்து 24 மணி நேரத்திற்குள் பயன்படுத்த வேண்டும். மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும்.

ஒவ்வொரு முறை பேதியான பின்னும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லிலிட்டர் வரையிலும், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லிலிட்டர் வரையிலும் கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாக மெல்லப் புகட்ட வேண்டும். தாய்ப்பாலை எக்காரணத்தாலும் நிறுத்தலாகாது. உணவு உண்ணும் குழந்தைக்கு உணவையும் நிறுத்தலாகாது. இதனுடன் ஜிங்க் மாத்திரையை 14 நாட்கள் கொடுக்க வேண்டும்: ஆறு மாதத்திற்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை 10 மில்லிகிராம். பேதி நின்ற பின்னும் மாத்திரையை நிறுத்தாமல் 14 நாட்களையும் முடிக்க வேண்டும்.

பொட்டலம் கைவசம் இல்லையா? ஒரு லிட்டர் நீரில் தேக்கரண்டியால் தலைதட்டி ஆறு கரண்டி சர்க்கரையும், அதே கரண்டியால் தலைதட்டி அரைக் கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம். சிறிது உப்பிட்ட அரிசிக் கஞ்சியும் பயன் தரும். அரிசியிலுள்ள மாவுச்சத்து குடலில் குளுக்கோசாக மாறி அதே வாசலைத் திறக்கிறது. காய்ச்சல்காரருக்கும் பேதிக்காரருக்கும் கஞ்சி கொடுத்த நம் முன்னோர் வழக்கத்தில் உண்மை இருந்தது.

ஆனால், குழந்தை குடிக்கவே மறுத்தாலும், மயங்கித் துவண்டாலும், கண் குழிவிழுந்தாலும், சிறுநீர் கழியாதிருந்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், வாந்தி ஓயாதிருந்தாலும் வீட்டு வைத்தியத்தில் காலங்கழிக்கலாகாது. 108 ஊர்தியை அழைத்து, போகும் வழியெல்லாம் கரைசலைப் புகட்டிக்கொண்டே மருத்துவமனை செல்ல வேண்டும்.

இன்னும் எஞ்சியிருப்பது

1980ஆம் ஆண்டளவில் உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் சுமார் 46 இலட்சம் பேர் ஆண்டுதோறும் வயிற்றுப்போக்கால் மாண்டனர் என்று மதிப்பிட்டனர். அண்மைக் கணக்கின்படி அது சுமார் 4.4 இலட்சம். நல்ல குடிநீர், கழிப்பறை, தடுப்பூசி, சத்துணவு யாவற்றுக்கும் இதில் பங்குண்டு. இக்கரைசலின் பங்கு பெரிது. ஆயினும், 4.4 இலட்சம் என்பது சிறிய எண்ணன்று. 2019 முதல் 2021 வரை நம் நாட்டில் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளில் இக்கரைசல் பெற்றவர்கள் 100க்கு 61 பேர். எஞ்சிய 39 குழந்தைகளின் வீட்டில் யாரோ ஒருவர் ஓட்டைப் பானையை நினைத்துக்கொண்டிருந்தார் போலும்.

வருமுன் காப்பதும் நம் கடமை. குழந்தைகளின் கடும் பேதிக்கு முக்கிய காரணமான ரோட்டா வைரஸ் 1973இல் ஆஸ்திரேலியாவில் கண்டறியப்பட்டது. அதற்கான தடுப்பு மருந்து நம் மாநிலத்தில் 2017ஆம் ஆண்டில் அரசின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. பிறந்த 6, 10, 14 ஆவது வாரங்களில் கட்டணமின்றி வாயில் ஊட்டப்படுகிறது. ஊராட்சித் தலைவர்களுக்கு ஒரு சொல்: மேல்நிலைத் தொட்டியில் குளோரின் கலந்தால் மட்டும் போதாது, தெருவின் கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். கடைசிக் குழாயில் நீர் பிடிப்பவரே பெரும்பாலும் ஊரின் கடைசி வீட்டார்.

முடிவாக, அந்தத் திண்ணைக்குத் திரும்புவோம். செவிலியர் பாட்டியுடன் வாதாடவில்லை. ஊரின் ஏரியைக் காட்டி, மதகையும் வரத்துக் காலையும் பற்றிச் சொன்னார். பாட்டி சற்று நேரம் பேசாதிருந்தார்; பின்பு எழுந்து உள்ளே சென்று தம் பித்தளைச் செம்பைக் கொண்டு வந்தார். லிட்டர் தண்ணீர்ப் புட்டியால் அளந்து ஊற்றி, நீர் நின்ற இடத்தில் பேத்தியின் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டோம். பாட்டியே பொட்டலத்தைக் கரைத்தார், கரண்டியால் புகட்டினார். நம் வண்டியிலேயே குழந்தையை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்றோம். வழி நெடுகச் செம்பு அவர் மடியிலேயே இருந்தது. அங்கே சேரும்போது குழந்தை அழுதது. கண்ணில் நீர் துளிர்த்திருந்தது. அந்தக் கண்ணீரைக் கண்டு பாட்டி சிரித்தார்.

கல்கத்தாவிலும் டாக்காவிலும் தொடங்கிய கண்டுபிடிப்பு அன்று அந்தச் செம்பில் வந்து முடிந்தது. நம் ஒன்றியத்தில் அது இன்னும் போய்ச் சேராத செம்புகள் பல உள்ளன. இன்று வீடு திரும்பியதும் நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் செம்பில் ஒரு லிட்டர்க் கோடு போடுங்கள். அண்டை வீட்டார் ஒருவரின் செம்பிலும் போட்டுக் கொடுங்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் வருகைப் பதிவேட்டை மட்டும் பார்க்க மாட்டோம். அங்கு வந்திருக்கும் எவரேனும் ஒருவரை அழைத்து, கரைசலைக் கலக்கிக் காட்டச் சொல்வோம். முதலில் கலக்கிக் காட்டுபவர் நாமே ஆவோம்.